காசியம்மாள் வாரிய மண்

சகாதேவன் என் மாமியாரை முதன்முதலாக அடித்தது, தன் அப்பனுக்குப் பிள்ளை பெற்றதாக அவள் சொன்னதற்காக. கடைசியாக அடித்தது, அப்படிப் பெறவே இல்லை என்று அவள் சொன்னதற்காக. நடுவில் பன்னிரண்டு வருடம் ஓடியிருந்தது. பேச்சுதான் தலைகீழாக மாறியது. அடித்த கையும் அடிபட்ட வாயும் மாறவில்லை.

என் மாமியார் காசியம்மாள் திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால், தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்டிருந்தாள். கீழ்பென்னாத்தூர் சக்கரபாணி மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, மூட்டை ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வருகிறவர். அவருக்கு ஊரில் தாலி கட்டின மனைவியும், சகாதேவன், முருகையன் என்று இரண்டு மகன்களும் உண்டு. இட்லி சாப்பிட வந்தவர் வாரத்தில் பாதி நாள் காசியம்மாள் வீட்டிலேயே தங்க ஆரம்பித்தார். தாலி மட்டும் கட்டவில்லை. அவர்களுக்குப் பிறந்த முதல் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூன்றாவதை எமன்கூடச் சீந்தக் கூடாது என்று மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தார்கள். அந்த மண்ணாங்கட்டிதான் என் வீட்டுக்காரர். அம்மா கடைக்கு எதிரிலிருந்த ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டினார்.

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசை. நிலம் வேண்டாம், கிணறு வேண்டாம். 'இவன் சக்கரபாணி மகன்' என்று கீழ்பென்னாத்தூர் வீட்டில் ஒருத்தன் தன் வாயால் சொல்லிவிட வேண்டும். அவர்கள் 'இட்லிக்காரி மகன்' என்றுதான் சொன்னார்கள். 'எவனுக்குப் பொறந்ததோ' என்று சகாதேவன் சேர்த்துச் சொல்வான். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, யாரும் கேட்காமலே, 'எங்கப்பா கீழ்பென்னாத்தூர் சக்கரபாணிங்க' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பாக வந்தது. கல்யாணம் ஆன பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

1989இல் சக்கரபாணி விழுந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. களத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சு போய்விட்டது. இரண்டு வருடம் அப்படியே கிடந்தார். எங்களை வாசற்படி ஏற விடவில்லை. செத்த செய்தியைக்கூட பஸ்ஸில் வந்த ஒரு மோர்க்காரிதான் சொன்னாள்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாதுதான். வீட்டுக்குள்ளேயே விடாதபோது வேறு எங்கே போய் முகம் பார்ப்பது? நானும் மாமியாரும் போனோம். பெற்ற மகன்கள் வாய்க்கரிசி போட்டு முடித்ததும், என் வீட்டுக்காரர் மடியில் முடிந்து வந்த அரிசியைக் கையில் எடுத்துக்கொண்டு பாடைக்கிட்டே போனார். சகாதேவன் பாடையிலிருந்து ஒரு மூங்கிலை உருவி அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். அரிசி சாம்பலில் சிதறியது. அடுத்த அடி காதோடு விழுந்தது. கீழே விழுந்தவரை முருகையனும் மற்றவர்களும் சேர்ந்து மிதித்தார்கள்.

"கண்டவன்லாம் வந்து எங்கப்பனுக்கு அரிசி போடுவானா?" என்றான் சகாதேவன்.

காசியம்மாள் மகன்மேல் குப்புற விழுந்து மறைத்துக்கொண்டாள். "உங்கப்பனுக்குப் பொறந்தவன்டா இவன். உன் மூக்கப் பாரு, இவன் மூக்கப் பாரு."

அவன் அவளைத் தூக்கி நிறுத்தி வாயிலேயே குத்தினான். முன்பல் இரண்டும் போயின.

எங்கள் பக்கத்தில் ஒரு பொம்பளை மண்ணை வாரித் தூற்றிவிட்டால் அதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வைதால் திருப்பி வைவார்கள். மண்ணை வாரினால் வாயடைத்துப்போவார்கள். காசியம்மாள் குனிந்து சுடுகாட்டு மண்ணை இரண்டு கையாலும் வாரினாள். ரத்தத்தோடு பேசியதில் வார்த்தை குழறியது. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது.

"சக்கரபாணி வம்சத்துல ஒருத்தனும் கை கால் வெளங்கிக் கெடக்கக் கூடாது. அவரு கெடந்தாப்லயே கெடக்கணும். வாயத் தொறந்தா பேச்சு வரக் கூடாது."

தூற்றினாள். காற்று மண்ணை அவர்கள் பக்கமும் கொண்டுபோனது, எங்கள் பக்கமும் கொண்டுவந்தது. அன்றைக்கு அதையெல்லாம் யார் கவனித்தார்கள். நான் என் வீட்டுக்காரர் காதைத் துணியால் அழுத்திக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.

2003இல் முருகையன் விழுந்தான். அவனுக்கு முப்பத்தெட்டு வயது. அதே வலது கை, அதே கோணல் வாய். ஒரு வாரத்தில் செத்துப்போனான். கேள்விப்பட்டதும் என் மாமியார் மாவைக் கரைத்துக்கொண்டே இருந்தாள். பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

கருமாதி முடிந்த மறுவாரம் காலையில் கடை முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. சகாதேவனோடு நாலு பேர் இறங்கினார்கள். பக்கத்தில் புதிதாக லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரம் மணல் குவித்து வைத்திருந்தது. சகாதேவன் காசியம்மாளின் தலைமயிரைப் பிடித்து, இட்லிப் பானையோடு சேர்த்து இழுத்தான். வெந்த இட்லியெல்லாம் ரோட்டில் உருண்டது. மணல் குவியலில் அவளை மல்லாக்கத் தள்ளி நெஞ்சில் முழங்காலை வைத்தான்.

"வாரித் தூத்துனல்ல? திரும்ப வாங்கு. எங்கப்பன் கெடந்தாப்லயே எந்தம்பியும் போனான். அடுத்தது நானா? தின்னுடி."

மணலை அள்ளி அவள் வாயில் திணித்தான். அவள் துப்பினாள். தாடையைப் பிடித்துப் பிளந்து மறுபடியும் திணித்தான். அவள் கண் பிதுங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் கொதித்துக்கொண்டிருந்த சாம்பார்க் குண்டானைத் தூக்கி, எனக்குக் குறுக்கே நின்றவன் தொடையில் ஊற்றினேன். அவன் ஊளையிட்டான். அதற்காக இன்றுவரை எனக்கு வருத்தம் கிடையாது.

அதற்குள் என் வீட்டுக்காரர் வீல் ஸ்பேனரோடு ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார். முதல் அடி சகாதேவனின் இடது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. சகாதேவன் வலியோடு எழுந்து, தோளில் கிடந்த துண்டை ஒற்றைக் கையால் அவர் கழுத்தில் சுற்றி முறுக்கினான். மற்றவர்கள் அவர் முதுகிலும் விலாவிலும் குத்தினார்கள். அவர் மறுபடியும் ஸ்பேனரை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே விரிந்தது. ஸ்பேனர் கீழே விழுந்தது.

கை வலித்து விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். வலது பக்கம் மொத்தமும் தொங்கிப்போயிருந்தது. ஏதோ வைய முயன்றார். எச்சில்தான் வந்தது. சகாதேவன் துண்டை விட்டுவிட்டுப் பின்னால் போனான். அந்த வாயை அவன் தன் வீட்டில் இரண்டு தடவை பார்த்திருக்கிறான். யாரோ பேயைக் காட்டிவிட்ட மாதிரி நின்றான். பிறகு வேனில் ஏறி ஓடிவிட்டான்.

போலீஸ் கொலை முயற்சி என்று வழக்குப் போட்டது. கழுத்தை நெரித்ததில்தான் விழுந்தார் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சகாதேவனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். நான் என் வீட்டுக்காரரை வேலூருக்குக் கொண்டுபோனேன்.

அங்கே பூஜா என்று ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. அவசரப்படாமல் பேசினாள். மூளையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக உட்கார வைத்தாள்.

"இவருக்கு முன்னாடி தலைவலி வருமாம்மா? ஒரு பக்கமா, வெளிச்சத்தப் பாத்தா கண்ணு கூசற மாதிரி?"

வரும். துண்டை நெற்றியில் இறுகக் கட்டிக்கொண்டு, ஆட்டோ பின்சீட்டில் சுருண்டு படுத்துக்கொள்வார். வெயில் ஜாஸ்தி என்பார். நானும் வெயில் என்றுதான் நினைத்தேன்.

"இவங்க அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ சின்ன வயசுலயே இப்படி கை கால் விழுந்திருக்கா?"

அவர் அப்பாவைப் பற்றி மரியாதையாக ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். "அவங்கப்பா கீழ்பென்னாத்தூர் சக்கரபாணிங்க. அவருக்கும் இதே மாதிரிதான் ஆச்சு. சின்ன அண்ணன் முருகையன், போன மாசம். அவனுக்கும் இதேதான்."

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். "உள்ள ரத்தம் கசியல. ஒரு குழாய் அடைச்சு, அந்த இடத்துக்கு ரத்தம் போகாம நின்னுருக்கு. இந்த வெள்ளை வெள்ளையா தெரியற புள்ளி எல்லாம் பழசு. வருஷக்கணக்கா சத்தமில்லாம நடந்துக்கிட்டு இருந்திருக்கு. சண்டை இன்னிக்கு இழுத்துவிட்டிருக்கலாம். சண்டை இல்லாட்டியும் வந்திருக்கும்."

"அப்போ எதனாலங்க?"

"உடம்பு எப்படி அமையணும்னு அப்பா கிட்டேருந்து பாதி, அம்மா கிட்டேருந்து பாதி நமக்கு வருதுல்ல? மூக்கு, நிறம் எல்லாம் அப்படித்தானே வருது. இவங்க அப்பா வழியில வந்ததுல ஒரு இடத்துல சின்னப் பிசகு இருக்கும்னு நெனைக்கிறேன். அது இருந்தா மூளைக்குப் போற மெல்லிசான ரத்தக்குழாய் கொஞ்சம் கொஞ்சமா தடிச்சு அடைச்சுக்கும். மொதல்ல தலைவலி, அப்புறம் இது. ரத்தத்த வெளியூருக்கு அனுப்பித்தான் உறுதியா சொல்ல முடியும். உயிரோட இருக்கற அண்ணன் ரத்தமும் கெடச்சா நல்லது."

நான் முந்திக்கொண்டு சொன்னேன். "ஒரு பொண்ணு இருக்குதுங்க. எழில்னு பேரு. ஒம்பது வயசு."

"பொண்ணு, பையன் வித்தியாசம் கெடையாதும்மா. பாதிக்குப் பாதி. வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வந்திருந்தாலும் எந்த வயசுல, எவ்வளவுனு ஆளுக்கு ஆள் மாறும். பீடி சிகரெட், ரத்த அழுத்தம், சர்க்கரை இதெல்லாம் சேந்தா சீக்கிரம் வரும். அதெல்லாம் இல்லாம பாத்துக்கிட்டா தள்ளிப்போடலாம். பயந்து எதுவும் ஆகப்போறதில்ல."

சண்டையில்தான் ஆனது என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். சகாதேவன் ஜெயிலில் அழுக வேண்டும் என்று எனக்கு வெறி இருந்தது. டாக்டரம்மா முடியாதென்று தலையை ஆட்டிவிட்டாள். தெரிந்ததைத்தான் எழுத முடியும் என்றாள்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தக்குழாய், பிசகு, பாதிக்குப் பாதி, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"அவரு வம்சத்துல வர்றதுன்றாங்களா?"

"ஆமாங்க அத்த."

"எழிலுக்குமா? பொம்பளப் புள்ளைக்குமா?"

"வந்தாலும் வரலாமாம்."

அவள் தன் உள்ளங்கை இரண்டையும் விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகன் கிடக்கிற துக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஊர் திரும்பும்வரை அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சகாதேவன் ஜாமீனில் வந்தான். வந்த மூன்றாம் நாள் மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் நின்றான். இடது தோளில் கட்டு. ஆள் பாதியாக இளைத்திருந்தான். என் வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். எழில் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் அம்மிக்கல் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். குழவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"சண்ட போட வரல," என்றான். "வக்கீலு அனுப்புனாரு. வேலூர் டாக்டரு எழுதுனத அவரு பாத்துட்டாரு. இது எங்க குடும்பத்து நோவு, எங்கப்பனுக்கும் எந்தம்பிக்கும் வந்ததுதான் இவனுக்கும் வந்ததுன்னு கோர்ட்ல சொல்லணுமாம். இவன் எங்கப்பனுக்குப் பொறந்தவன்னு கெழவி வந்து சொல்லிட்டா கேசு நிக்காது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன். "இன்னாது? இன்னொரு தபா சொல்லு. என்னைப் பாத்து வேணாம், கட்டில்ல கெடக்கறவரப் பாத்துச் சொல்லு. அப்புறம் யோசிக்கிறோம்."

அவன் பல்லைக் கடித்தான். கட்டிலைப் பார்த்தான். "எங்கப்பனுக்குப் பொறந்தவன்," என்றான். கொஞ்சம் நிறுத்தி, "எந்தம்பி," என்றான்.

என் வீட்டுக்காரர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுவரைக்கும் ஓடியது. நல்ல கையான இடது கையைத் தூக்கி மேலே விரித்தார். முப்பத்தைந்து வருடம் காத்திருந்த வார்த்தை. அது இப்படி வந்ததே என்று எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

அப்போது அடுப்பங்கரையிலிருந்து காசியம்மாள் வெளியே வந்தாள்.

"இல்ல," என்றாள். "அவன் சக்கரபாணிக்குப் பொறந்தவன் இல்ல."

"அத்த," என்றேன்.

"நீ சும்மா இரு. நான் பெத்தேன், எனக்குத் தெரியாதா? அவரு இல்லாத நாள்ல ஒரு லாரிக்காரன் வந்துக்கினு இருந்தான். அவனுக்குப் பெத்தேன். கோர்ட்லயும் இதத்தான் சொல்வேன். இவனும் அந்த வம்சம் இல்ல, எழிலும் அந்த வம்சம் இல்ல."

லாரிக்காரனும் இல்லை, ஒருவனும் இல்லை. சக்கரபாணி முகத்தை உரித்து வைத்த மாதிரி அல்லவா என் வீட்டுக்காரர் இருந்தார். வேலூர் வராந்தாவில் அவள் ஏன் கையைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சக்கரபாணி வம்சத்துக்கே அவள் மண்ணை வாரித் தூற்றினாள். கோபத்தில் தன் மகனும் அந்த வம்சம்தான் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. டாக்டர் சொன்ன ரத்தக்குழாய் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. தன் கையால் தூற்றிய மண் மகனைச் சாய்த்துவிட்டது, அடுத்தது பேத்தி என்றுதான் அவளுக்குப் பட்டது. அதிலிருந்து எழிலைப் பிரித்து எடுக்க, ஊர் முழுக்கத் தன்னைக் காறித் துப்பினாலும் பரவாயில்லை என்று நின்றாள்.

சகாதேவனுக்கு அதெல்லாம் தெரியாது. தன் கேஸ் போகிறது என்பதுதான் தெரிந்தது. ஒரே எட்டில், கட்டுப் போட்ட இடது கையாலேயே, அவள் முடியைப் பிடித்தான். வலது கையால் வாயிலேயே அறைந்தான்.

"அன்னிக்குச் சொன்னல்ல? மூக்கப் பாரு, மூக்கப் பாருன்னு சொன்னல்ல? இப்போ சொல்லுடி. எங்கப்பனுக்குப் பெத்தேன்னு சொல்லு."

"இல்ல."

அறைந்தான். உதடு கிழிந்தது. "சொல்லுடி."

"இல்லடா. உங்க எழவு ரத்தம் ஒண்ணும் அவனுக்கு இல்ல."

நான் குழவியைத் தூக்கி அவன் முதுகில் போட்டேன். அவன் முட்டி போட்டு விழுந்தான், ஆனாலும் முடியை விடவில்லை. மறுபடி ஓங்கினேன். அதற்குள் கட்டில் கவிழ்ந்தது. என் வீட்டுக்காரர் தரையில் விழுந்து, ஒற்றைக் கையை ஊன்றி, செத்த காலை இழுத்துக்கொண்டு வந்தார். அண்ணன் கழுத்தைப் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்துப் பின்னால் சாய்ந்தான்.

அவர் அம்மாவிடம் போனார். இடது கையைத் தூக்கி, அந்தக் கிழிந்த வாயில், தன் பலம் அத்தனையும் சேர்த்து அறைந்தார்.

அவர் அதே கையால் தன் நெஞ்சில் குத்திக்கொண்டார். "ச... ச..." என்றார். எச்சில் வழிந்தது. மறுபடியும் குத்திக்கொண்டார். "ச... க..." அதற்கு மேல் வரவில்லை. அவர் அப்பா பெயரைச் சொல்கிறார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது.

காசியம்மாள் மகன் முகத்தைத் தடவினாள். "ஆமாண்டா," என்றாள். "அவருக்குத்தான் பொறந்த. வேற யாரு எனக்கு."

சகாதேவன் முடியை விட்டான். அவள் எழுந்து தெருவுக்குப் போனாள். வாய் ரத்தத்தைத் துடைக்கவில்லை. வாசலுக்கு நேராகப் புழுதியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரி, வாயில் போட்டு மென்றாள். "எழிலுக்கு வேணாம்," என்றாள். விழுங்கினாள். மறுபடியும் வாரினாள். "எழிலுக்கு வேணாம்."

நான் ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தேன். "அத்த, அது ரத்தத்துல வர்றது. மண்ணுல இல்ல. நீ வாரித் தூத்தறதுக்கு முன்னாடியே அவரு விழுந்துட்டாரே, அவருக்கு யாரு தூத்துனது?"

அவள் கையை உதறிக்கொண்டாள். சகாதேவன் முதுகைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"புள்ளைங்களுக்கும் வருமாமே," என்றான் என்னிடம். "வக்கீலு சொன்னாரு. நெசமா?"

"பாதிக்குப் பாதி. உன் புள்ளைக்கும் என் புள்ளைக்கும் ஒரே கணக்குதான். தலவலி வருதா உனக்கு?"

அவன் கை நெற்றிப்பொட்டுக்குப் போய்த் திரும்பியது. படியிறங்கி, என் மாமியாருக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தான். அவள் கையைத் தட்டிவிடத்தான் போகிறான் என்று நினைத்தேன். அவன் ஒரு பிடி மண்ணை அள்ளி, அவள் வாய்க்கு நேராக நீட்டினான்.

"அறிவுமதி," என்றான். "எம்புள்ள பேரு அறிவுமதி. பத்தாவது படிக்கிறான். அவன் பேரையும் சொல்லித் தின்னும்மா."

காசியம்மாள் அவனையே பார்த்தாள். பிறகு முன்பல் இல்லாத அந்த வாயைத் திறந்து, அவன் கையிலிருந்தே வாங்கிக்கொண்டாள். "அறிவுமதிக்கும் வேணாம்," என்றாள்.

டாக்டரம்மா சொன்னது எல்லாம் எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது. ஆனாலும் அவள் விழுங்கி முடிக்கும்வரை நான் மறுபடி அவள் கையைப் பிடிக்கவில்லை.